தேங்கும் மண், தாங்காத மண்: வடசென்னை மனைகளில் ஈரக் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

மழைத் தண்ணீர் தேங்குகிறது என்றால், "ஒரு லோடு சவுடு அடிச்சு மேடாக்கிடலாம் சார்" என்பார் மேஸ்திரி. செடி வாடுகிறது என்றால், "ரெண்டு வேளை தண்ணி ஊத்துங்கம்மா" என்பார் நாற்று விற்பவர். இரண்டும் சில மனைகளில் பலிக்கும். பல மனைகளில் கோளாறை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். தண்ணீர் தேங்குவதற்கு மட்டுமே வடசென்னையில் ஐந்து வேறு வேறு காரணங்கள் உண்டு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. உங்கள் மனையில் எது இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அந்த நிலம் இதற்கு முன் எதற்குப் பயன்பட்டது என்பதுதான்.

முதலில் நிலத்தின் பழைய தொழில்

தண்டையார்பேட்டை, ஜார்ஜ் டவுன் முதலான கடலோரப் பட்டை மணல். பெரம்பூர்ப் பக்கம் களி. மணலும் களியும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது எளிதில் மாறாது. மாறுவது அவற்றுக்கு நடுவே இருக்கும் துளைகள். சருகு மட்கி, புழு துளைத்து, செத்த வேர் வழிவிட்ட மரத்தடி மண்ணில் பெரிய துளைகள் நிறைய இருக்கும். மழை உடனே இறங்கும். அதே மண்ணில் நாற்று நடச் சேறடித்தால், தண்ணீர் நிற்பதற்காகவே துளைகளை அடைக்கிறோம். லாரி ஏறினால் முதலில் நசுங்குவது பெரிய துளைகள், சிறியவை தப்பிவிடும். அதனால்தான் நசுங்கிய மண் நாள்கணக்கில் ஈரமாகவே இருந்தும், அதில் வேருக்கு மூச்சுவிட இடம் இருப்பதில்லை.

ஆகவே மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் தாய்ப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'நஞ்சை' என்று இருந்தால் நெல் வயல். மாதவரம், புழல், சோழவரம், மீஞ்சூர்ப் பக்கத்து லேஅவுட்களில் இது சாதாரணம். எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் என்றால் உப்பளமோ கழிமுகச் சேறோ இருந்திருக்கலாம். கொடுங்கையூர்க் குப்பை மேட்டை ஒட்டியோ, அனல் மின் நிலையச் சாம்பல் குட்டைகளை ஒட்டியோ இருந்தால் நிரப்பு மண் எங்கிருந்து வந்தது என்பதையும் விசாரிக்க வேண்டும். கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய வருடங்களின் படங்களுக்குப் போனால், உங்கள் மனை குட்டையா, வயலா, லாரி நிறுத்துமிடமா என்பது பல சமயம் அப்படியே தெரியும்.

கையில் வேண்டிய சாமான்

உள்விட்டம் 15 செ.மீ உள்ள பி.வி.சி குழாய்த் துண்டு ஒன்று, 20 செ.மீ நீளம். உள்விட்டம் 7.5 செ.மீ, உயரம் சரியாக 10 செ.மீ உள்ள சிறிய துண்டு ஒன்று. இரண்டுக்கும் ஒரு முனையை அரத்தால் வெளிப்பக்கமாகச் சீவிக் கூராக்குங்கள். கடையில் சொல்லும் அங்குலக் கணக்கை நம்பாமல், உள்விட்டத்தை ஸ்கேல் வைத்து நீங்களே அளக்க வேண்டும். 10 மி.மீ கம்பி 3 அடி, 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில், தண்ணீரில் உள்ள உப்பை மைக்ரோசீமன்ஸ் கணக்கில் காட்டும் டி.டி.எஸ் பேனா. இவ்வளவு போதும்.

இறங்கும் வேகம்: பெரிய துண்டை மேலே பலகை வைத்துச் சுத்தியலால் 7 செ.மீ வரை இறக்குங்கள். உள்ளே பிளாஸ்டிக் பை விரித்து 440 மி.லி தண்ணீர் ஊற்றி, பையை மெல்ல உருவுங்கள். அது 25 மி.மீ மழைக்குச் சமம். சிறிய துண்டின் கொள்ளளவும் 442 மி.லிதான். அடியை அடைத்தால் அதுவே அளவுக் குவளை. முதல் முறை ஊற்றியது மண்ணை நனைக்க, இரண்டாவது முறைதான் கணக்கு. தண்ணீர் மறைய எத்தனை நிமிடமோ, 1500-ஐ அதால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மி.மீ என்று வரும். 15 நிமிடம் என்றால் 100. நல்ல நிலையில் உள்ள மணலில் 30-க்கு மேல் வர வேண்டும், மணலும் வண்டலும் கலந்ததில் 10 முதல் 30 வரை. களியில் 1 முதல் 5 வந்தாலே அது இயல்புதான். அதை நோய் என்று நினைத்து வைத்தியம் பார்க்கக் கூடாது.

அடர்த்தி: சிறிய துண்டை முழுவதும் இறக்கி, சுற்றி வெட்டி எடுத்து, இரு முனையையும் கத்தியால் மட்டமாகச் சீவி, உள்ளிருக்கும் மண்ணை மட்டும் தட்டில் கொட்டுங்கள். எடை போடுங்கள். பிறகு 105 டிகிரி ஓவனில் 24 மணி நேரம் வையுங்கள். ஓவன் இல்லாவிட்டால் பழைய தோசைக்கல்லில் சிறு தீயில் கிளறி, பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை ஒரே எடை வரும்வரை காயவையுங்கள். ஈரமாக 800 கிராம், காய்ந்தபின் 720 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 720 ÷ 442 = 1.63. போன தண்ணீர் 80 கிராம், அதாவது மேல் 10 செ.மீ மண்ணில் 18 மி.மீ மழையளவு ஈரம் இருந்திருக்கிறது. 1.63 என்பது மணலில் தாங்கக்கூடியது, களியில் வேருக்குச் சுவர். மணலில் 1.8-ஐயும், களியில் 1.47-ஐயும் தாண்டினால் வேர் இறங்குவது நின்றுபோகும். ஆகவே எந்த மண் என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், சிட்டிகை டிடர்ஜென்ட் போட்டுக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல், அதற்குப் பின் ஓரிரு நாளில் படிவது களி.

அறிகுறி 1: மழை விட்டு ஒரு நாள் ஆகியும் தண்ணீர் நிற்கிறது

அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். இரண்டு அடி ஆழக் குழி ஒன்று வெட்டுங்கள். மேல் தண்ணீர் உள்ளே விழாதபடி விளிம்பில் வரப்பு கட்டி, தகரத்தால் மூடி, மறுநாள் காலை பாருங்கள்.

குழியில் பக்கவாட்டில் ஊறித் தண்ணீர் நின்றால், நிலத்தடி நீரே மேலே ஏறியிருக்கிறது. பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம் ஆகியவற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களில் நவம்பர், டிசம்பரில் இது நடக்கும். இங்கே மண்ணைக் கிளறுவதாலும் உரம் போடுவதாலும் தண்ணீர் போகாது. உறிஞ்சுகுழி வெட்டினால் அதுவும் கிணறாக நிற்கும். செடிகளை 30 முதல் 45 செ.மீ உயரப் பாத்திக்கு ஏற்றுவது, அதிகத் தண்ணீரைத் தெரு வடிகாலுக்கு வழிவிடுவது, இவைதான் வழி.

குழி காய்ந்து, மேலே மட்டும் ஈரம் என்றால் அடைப்பு மேலே எங்கோ இருக்கிறது. குழியின் சுவரைக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்து மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

மேல் 1–2 செ.மீ அப்பளம்போல் ஓடு கட்டியிருக்கிறதா? தினமும் பெருக்கி, மூடாக்கு எதுவும் இல்லாமல் வெறுமையாய்க் கிடக்கும் முற்றத்தில் மழைத்துளி அடித்தே இது உருவாகும். உறுதிப்படுத்த, பெரிய குழாய்த் துண்டை இறக்கி, அதற்குள் அந்த ஓட்டை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடி 440 மி.லி ஊற்றுங்கள். நேரம் சட்டென்று குறைந்தால் ஓடுதான் குற்றவாளி. களைக்கொத்தியால் கீறிவிட்டு, 5 முதல் 8 செ.மீ சருகு மூடாக்கு போட்டால் போதும். வேப்பஞ்சருகு, நறுக்கிய தென்னை ஓலை எதுவும் ஆகும். மரத்தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

மேல் 15–20 செ.மீ முழுக்கச் செங்கல்போல் இறுகியிருந்தால், அது வண்டி நின்ற இடம் அல்லது கட்டட வேலையின்போது ஜல்லி, செங்கல் இறக்கிய இடம். ஈரமாக இருக்கும்போது முதல் தடவை சக்கரம் ஏறியதிலேயே சேதத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். இதில் கடப்பாரையைப் பிடிக்கும் நாள்தான் முக்கியம். 15 செ.மீ ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மி.மீ தடிமனில் நூலாக உருண்டால் இன்னும் ஈரம் அதிகம், அப்போது குத்தினால் கடப்பாரையே பக்கச் சுவரை மெழுகிவிடும். புட்டு மாவுப் பதம் வேண்டும்: பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரி முதல் பிப்ரவரிக்குள் இந்தப் பதம் வரும். 20 செ.மீ இடைவெளியில் 30 செ.மீ ஆழம் குத்தி நெம்புங்கள். மண்ணைப் புரட்ட வேண்டாம். மேலே 2 அங்குலம் மட்கிய தொழு உரம் பரப்பி, மேல் 15 செ.மீ-இல் கலக்குங்கள். 100 சதுர அடிக்குச் சுமார் 17 கன அடி ஆகும். ஆக ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, 600 சதுர அடிக்கு வரும்.

இந்த இடத்தில்தான் பலர் களிமண்ணில் எம்-சாண்ட் கொட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மணல் பாதிக்கு மேல் இருந்தால்தான் மணலுக்கு மணல் தொட்டு நடுவே துளை உண்டாகும். பத்து, இருபது சதவீதம் போட்டால் மணல் களிக்குள் புதைந்து, கான்கிரீட்போல் இறுகும். காரை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் சக்கரத் தடத்துக்கு மட்டும் இரண்டு அடி அகலத்தில் இரண்டு பேவர் பிளாக் பட்டைகள் போட்டு, நடுப்பகுதியையும் ஓரங்களையும் மண்ணாகவே விடுங்கள். மரவேர் உள்ள இடத்தில் கடப்பாரை போடாதீர்கள். 5 செ.மீ அகல, 45 செ.மீ ஆழத் துளைகளை 60 செ.மீ இடைவெளியில் போட்டு மட்கு நிரப்பினால் போதும்.

கம்பி சுலபமாக இறங்கிப் போய் ஓர் ஆழத்தில் டக்கென்று நின்றால், குழிச் சுவரில் அந்த ஆழத்தை உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறக் களி, அதில் துருப்பிடித்ததுபோல் செம்புள்ளிகள், அதன்மேல் செடி வேர்கள் மடங்கிக் கிடையாகப் படுத்திருப்பது. இந்த மூன்றும் இருந்தால் அது பழைய நஞ்சையின் சேற்றடி. வருடக்கணக்கில் சேறடித்து, ஏர் மட்டத்துக்குக் கீழே, 15 முதல் 25 செ.மீ ஆழத்தில் உண்டாக்கிய கெட்டித் தளம். லேஅவுட் போட்டவர்கள் அதன்மேல் இரண்டு மூன்று அடி சவுடு கொட்டியிருந்தால், தளமும் அந்த அளவுக்குக் கீழே போயிருக்கும். மழை சவுடு வழியே இறங்கி, பழைய வயலின் மேல் குளமாய் நிற்கும். இதற்கு இன்னொரு லோடு மண் அடிப்பது, பானையில் தண்ணீர் வடியவில்லை என்று பானைக்குள் மண் போடுவதற்குச் சமம். தளத்தைத் துளைக்க வேண்டும். மனையின் தாழ்வான மூலையில் 3 அடிக்கு 3 அடி, 4 முதல் 5 அடி ஆழ உறிஞ்சுகுழி வெட்டி, கீழே பெருஞ்சல்லி, மேலே சிறுசல்லி, அதன்மேல் ஓர் அடி ஆற்றுமணல். கீழும் களி என்றால் குழியின் நடுவே மண் துளைக்கும் 6 அங்குல ஆகரால் இன்னும் 10 அடி இறக்கிச் சல்லி நிரப்புங்கள். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக்காக வெட்டிய குழி ஏற்கெனவே இருக்கலாம். அது இந்தத் தளத்துக்கு மேலேயே நின்றுவிட்டதா என்று முதலில் கம்பி விட்டுப் பாருங்கள்.

கடைசியாக, சுவரில் கோடு போட்டதுபோல் மேலே செம்மண், கீழே செங்கல், காரைத் துண்டு என்று பிரிந்திருந்தால், அதுவும் தேக்கமே. கீழே ஓட்டை ஓட்டையாக ரப்பிஷ் இருக்கும்போது தண்ணீர் ஏன் நிற்கிறது என்று தோன்றும். நுண்ணிய துளை தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். கீழே இருக்கும் பெரிய இடைவெளிக்கு அந்த இழுப்பு கிடையாது. ஆகவே மேல் மண் முழுக்க ஊறிச் சொதசொதத்த பின்புதான் ஒரு சொட்டு கீழே விழும். ஈரத் துணியைக் கொடியில் தொங்கவிட்டால் அடி ஓரம் மட்டும் கடைசிவரை ஈரமாய் நிற்பது இதே காரணத்தால்தான். கோட்டை அழிக்க வேண்டும். எல்லையில் 15 செ.மீ கலந்துவிடுங்கள், அல்லது செம்மண்ணின் கனத்தை 45 செ.மீ-க்குக் குறையாமல் ஆக்குங்கள். கலக்கும்போது வரும் காரை, சிமென்ட் கட்டிகளைப் பொறுக்கி எடுங்கள். அவை மண்ணின் பி.எச்-ஐ உயர்த்தும். வினிகர் விட்டால் நுரைக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் கடலோரத்தில் கிளிஞ்சல் துகளும் நுரைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த அடைப்புகள் எவ்வளவு தண்ணீரை வெளியே தள்ளுகின்றன என்று பார்த்தால்தான் வேலையின் மதிப்பு தெரியும். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ கொட்டும் மழையில், 5 மி.மீ மட்டும் உறிஞ்சும் 600 சதுர அடி முற்றம் சுமார் 2,500 லிட்டரைத் தெருவுக்கு அனுப்புகிறது.

அறிகுறி 2: எவ்வளவு ஊற்றினாலும் மதியத்துக்குள் வாடுகிறது

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கடலோர மணல். இங்கே கோளாறு தண்ணீர் போதாததில் இல்லை. மண்ணில் அதைப் பிடித்துவைக்க இடமில்லை. மணல் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 100 மி.மீ வரைதான் செடிக்கு உதவும் ஈரத்தைத் தாங்கும், களி 175 முதல் 250. மணலுக்கு 60 என்று வைத்தால், 30 செ.மீ வேர் ஆழத்தில் 18 மி.மீ. கத்திரி வெயிலில் ஒரு நாளுக்கு 6 மி.மீ போனால் மூன்றே நாள் கையிருப்பு. பாதி தீர்வதற்குள் திரும்ப ஊற்ற வேண்டும் என்பதால் ஒன்றரை நாள். ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 9 லிட்டர் போதும். 15 லிட்டர் பக்கெட்டைக் கவிழ்த்தால் 6 லிட்டர் வேரைத் தாண்டி, போட்ட உரத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆகவே குறைவாக, அடிக்கடி. வருடத்துக்கு ஒருமுறை 3 முதல் 5 செ.மீ மட்கு. நம் வெயிலில் அது வேகமாகக் கரைந்துவிடும் என்பதால் ஒரு தடவை போட்டு முடித்துவிட முடியாது. குளத்து வண்டல் கிடைத்தால் 2 செ.மீ பரப்பி 20 செ.மீ ஆழம்வரை கலக்குங்கள். பரப்பி அப்படியே விட்டால் மேலே சொன்ன கோடு உங்கள் கையாலேயே உருவாகும். கோகோபீட் 5 கிலோ கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர் வரும். வடியும் தண்ணீரின் டி.டி.எஸ், ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு இறங்கும்வரை அலசுங்கள். அலசாத நாரில் உப்பு உண்டு.

அறிகுறி 3: தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, அடியில் தூசி

சவுக்குத் தோப்பாக இருந்த மணலிலும், நெடுநாள் தண்ணீர் காணாமல் காய்ந்த தொட்டி மண்ணிலும் இது வரும். சருகின் மெழுகு மணலின்மேல் பூச்சாக ஒட்டிக்கொள்கிறது. காய்ந்த மண்ணை மட்டமாக்கி ஒரு சொட்டு விடுங்கள். 5 விநாடிக்குள் இறங்கினால் சரி. ஒரு நிமிடத்தைத் தாண்டி நின்றால் மண் தண்ணீரைக் கடுமையாக விலக்குகிறது. மேல் 5 செ.மீ-ஐக் கிளறி, பூவாளியால் கால் மணி நேர இடைவெளியில் மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக நனைத்து, மறுபடி முழுக்கக் காயவிடாமல் மூடாக்கு போடுங்கள். சிறிதளவு களி கலப்பது நிரந்தரத் தீர்வு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அந்த வெள்ளம் ஏறிய மனைகளில் இதே அறிகுறி இருந்தால் சருகைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பிடி மண்ணைத் தண்ணீரில் போட்டு வானவில் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் அலசிக் கீழே அனுப்ப வேண்டாம், அங்கே உறிஞ்சுகுழியும் வெட்ட வேண்டாம். இரண்டும் எண்ணெயை நிலத்தடி நீருக்குக் கொண்டுபோகும். கறை பட்ட மேல்மண்ணை வழித்துத் தனியே மூட்டை கட்டுங்கள். அது வேறு எந்தப் பாத்திக்கும் போகக் கூடாது.

அறிகுறி 4: கோடையில் வெடிக்கிறது, மழையில் செருப்பைப் பிடுங்குகிறது

பழைய ஏரிப் படுகை, வயல் களி. இதன் இயல்பே இதுதான். ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வெடிப்பை மணலால் நிரப்பாதீர்கள். மழையில் உப்ப இடமில்லாமல் மதில் சுவரைத் தள்ளும். வெடிப்பு வழியே மட்கை உள்ளே பெருக்கித் தள்ளுவது நல்ல பழக்கம், கடப்பாரை இல்லாமலே ஆழத்துக்கு உரம் போகும். சுவரோரம் மட்டும் மாறி மாறிக் காய்ந்து நனைவதுதான் அஸ்திவாரத்துக்கு ஆபத்து. மரத்தையும் தோட்டக் குழாயையும் தள்ளி வையுங்கள்.

அறிகுறி 5: மண்ணின்மேல் வெள்ளையாகப் பூக்கிறது, ஈரம் இருந்தும் இலை ஓரம் கருகுகிறது

உவர். பழைய உப்பளம், கழிமுகச் சேறு ஒரு காரணம். உங்கள் போர்த் தண்ணீர் இன்னொன்று. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல ஆண்டுகளாக அறிந்த விஷயம். லிட்டருக்கு 1,000 மி.கி உப்புள்ள தண்ணீரை நாளுக்கு 6 மி.மீ வீதம் நூறு நாள் பாய்ச்சினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 600 கிராம் உப்பைத் தூவியதற்குச் சமம். தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலே தங்கும்.

20 கிராம் காய்ந்த மண்ணில் 50 மி.லி டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் படியவிட்டு டி.டி.எஸ் பேனாவை வையுங்கள். 1,000 மைக்ரோசீமன்ஸுக்குள் கவலையில்லை. 3,000 தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் தாங்காது.

அலசுவதற்கு ஒரு கணக்கு உண்டு. 30 செ.மீ ஆழ மண்ணில் 15 செ.மீ தண்ணீர் இறங்கினால் உப்பு பாதியாகும், 30 செ.மீ இறங்கினால் ஐந்தில் ஒரு பங்காகும். அவ்வளவு நல்ல தண்ணீர் விலைக்கு வாங்கி மாளாது. செப்டம்பர் கடைசிக்குள் பாத்தியைச் சுற்றி 20 செ.மீ வரப்பு கட்டி, வருகிற மழையை அங்கேயே நிறுத்துங்கள். ஆனால் அறிகுறி 1-இல் சொன்ன குழிச் சோதனையில் நிலத்தடி நீர் மேலே இருந்தால் அலசியும் பயனில்லை. ஜனவரி வெயிலில் அதே உப்பு திரும்பி ஏறும். அங்கே உயரப் பாத்தி, தடித்த மூடாக்கு, பூவரசு போன்ற தாங்கும் மரங்கள்.

அலசுவதற்கு முன் அறிகுறி 6-ஐக் கட்டாயம் படியுங்கள்.

அறிகுறி 6: குட்டைத் தண்ணீர் பால்போல் கலங்கி, நாள்கணக்கில் தெளிவதே இல்லை

களர். களித்துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டால் அவை ஒன்றையொன்று விலக்கி, பிரிந்து மிதந்து, துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை டிஸ்டில்டு வாட்டர் உள்ள கண்ணாடித் தம்ளரில் மெதுவாக இறக்குங்கள். ஆட்டக் கூடாது. பத்து நிமிடம், இரண்டு மணி நேரம், மறுநாள் என்று மூன்று தடவை பாருங்கள். கட்டி நொறுங்கிச் சரிந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மட்குப் பஞ்சம் மட்டுமே. கட்டியைச் சுற்றிப் பால் வளையம் படர்ந்தால் களர்.

சதுர மீட்டருக்கு அரைக் கிலோ ஜிப்சம் தூவி 10 செ.மீ-இல் கலந்து, பிறகு தண்ணீர் கட்டி வடியவிடுங்கள். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை விரட்டி அந்த இடத்தில் உட்காரும், வடியும் தண்ணீர் சோடியத்தைக் கொண்டுபோகும். வடிய வழியில்லை என்றால் ஜிப்சம் வீண். அடுத்து தக்கைப்பூண்டு, சதுர மீட்டருக்கு 5 கிராம் விதை. பூவெடுக்கும் தறுவாயில், சுமார் 45-ஆம் நாள், மடக்கி உழுதுவிடுங்கள்.

உவரும் களரும் சேர்ந்தே இருக்கும் கழிமுக மண்ணில் ஒரு கண்ணி உண்டு. உப்பு அதிகமாக இருக்கும்வரை களி கலங்காமல் சேர்ந்தே நிற்கும், தம்ளரும் தெளிவாகவே இருக்கும். நல்ல தண்ணீர் விட்டு உப்பை மட்டும் கழுவியதும் சோடியம் தன் வேலையைக் காட்டி, மண் சிமென்ட் பூசியதுபோல் மூடிக்கொள்ளும். ஆகவே பேனா 3,000-க்கு மேல் காட்டினால், கட்டியை இரண்டு மூன்று முறை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, காயவைத்து, மறுபடி தம்ளரில் போட்டுப் பார்த்த பின்பே முடிவு செய்யுங்கள். வளையம் வந்தால் முதலில் ஜிப்சம், பிறகுதான் மழை.

அறிகுறி 7: தரை அங்கங்கே அமுங்குகிறது, கம்பி எதிர்ப்பே இல்லாமல் இறங்குகிறது

குப்பைமேல் மண் மூடிய நிலம் மட்க மட்க அமுங்கும். குழியில் பிளாஸ்டிக், கருப்பு மண், அழுகல் வாடை வந்தால் அங்கே மேற்கொண்டு தோண்டாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். மீத்தேன் இருக்கக்கூடும்.

சாம்பல் நிறத்தில் பவுடர்போல் இருந்தால் அனல் மின் நிலையச் சாம்பல். இதில் நம் அளவுகள் ஏமாற்றும். அடர்த்தி 1-ஐ ஒட்டி வருவதால் அருமையான மண் என்று தோன்றும், ஈரத்தையும் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதில் மண்ணுக்குரிய உதிரிக் கட்டமைப்பு இல்லை. காய்ந்தால் பறக்கும், நனைந்தால் கூழாகும். கன உலோகங்கள் இருக்க வாய்ப்பிருப்பதால் குப்பை நிலத்திலும் சாம்பல் நிலத்திலும் கீரை, கிழங்கு நேரடியாகப் போடக் கூடாது. அடியில் விரிப்புப் போட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில் 45 செ.மீ உயரப் பாத்தி கட்டுங்கள். விரிப்பின் ஓரத்தில் வடிகால் துளை வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி அறிகுறி 1.

அறிகுறி 8: மீட்டர் 'ஈரம்' என்கிறது, செடி வாடுகிறது

இரண்டு முள் உள்ள மலிவான ஈர மீட்டர் அளப்பது மின்சாரம் கடக்கும் சுலபத்தை. உப்புள்ள மண்ணில் அது காய்ந்த நிலையிலும் பச்சை காட்டும். எண்ணூர், மணலிப் பக்கம் அதை நம்பித் தண்ணீர் நிறுத்தினால் செடி போய்விடும். மீட்டருக்குப் பதில் தராசுதான். 15 செ.மீ ஆழத்தில் 100 கிராம் மண் எடுத்துக் காயவைத்து, குறைந்த கிராமை மிச்ச எடையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். நன்றாக மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஒருமுறை, செடி முதன்முதலில் தலை சாயும் நாளில் ஒருமுறை, இப்படி உங்கள் மண்ணுக்கான இரண்டு எண்களைத் தோட்டத்துச் சுவரிலேயே எழுதி வையுங்கள். உதாரணத்துக்கு 12 என்றும் 4 என்றும் வந்தால், 8-க்கு இறங்கும்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். எண் 11-இல் நிற்கும்போதே செடி வாடினால் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, அறிகுறி 5-க்கான பேனாவையும் அறிகுறி 1-க்கான கம்பியையும் எடுங்கள்.